பழைய ப்ரோ கேமராவா, பாக்கெட் காம்பாக்ட்டா? முதல் கேமரா தேடறவங்களுக்கு

புதுசா போட்டோ எடுக்க ஆசைப்படறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு கட்டத்துல இந்த இடத்துல வந்து நிப்பாங்க. ஒரு பக்கம் பதினஞ்சு வருஷம் முன்னாடி பத்திரிகை போட்டோகிராஃபர்ங்க தோள்ல தொங்கின பெரிய கேமரா, அப்ப விலையைக் கேட்டாலே தலை சுத்தும், இப்ப செகண்ட் ஹேண்ட்ல கைக்கு எட்டற விலைக்கு வந்துருச்சு. இன்னொரு பக்கம் அதே காசுக்கு பேன்ட் பாக்கெட்ல போடற மாதிரி ஒரு குட்டி காம்பாக்ட். எது நல்லா எடுக்கும்னு கேட்டா ஒருத்தர் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கற சில்லு) சைஸ் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாரு, இன்னொருத்தர் கையில இருக்கறதுதான் நல்ல கேமராம்பாரு, கடைசில கேட்டவருக்கு குழப்பம்தான் மிஞ்சும்.

என்னைக் கேட்டா, படத்தோட தரத்துல இருந்து யோசிக்க ஆரம்பிக்கறதே சுத்து வழி. ரெண்டுலயும் நல்ல படம் வரும். முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது நீங்க எந்த ரகம்ங்கறது: படம் எடுக்கறதுக்குன்னே கிளம்பிப் போற ஆளா, இல்ல வேற வேலையா போற வழியில கண்ணுல பட்டதை எடுக்கற ஆளா. இதைக் கண்டுபிடிச்சிட்டா பாதி முடிவு அங்கயே ஆயிடும், மீதி பாதி லென்ஸ்ல இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல் படி: உங்க போன் கேலரியைத் தொறந்து பாருங்க

நான் எந்த ரகம்னு மனசுக்குள்ளயே கேட்டு பதில் சொல்லிக்காதீங்க, அப்படிக் கேட்டா எல்லாருமே மலை உச்சில சூரிய உதயத்துக்கு காத்துட்டு நிக்கற ஆளாத்தான் நம்மள நினைச்சுக்குவோம். அதுக்கு பதிலா போன்ல கடைசி ஆறு மாசத்துல எடுத்த படங்களை வரிசையா தள்ளிப் பாருங்க. எத்தனை படம் அதுக்குன்னே நேரம் ஒதுக்கி எடுத்தது, எத்தனை படம் நடந்து போகும்போது, பஸ்ல உக்காந்திருக்கும்போது, ஃப்ரெண்ட்ஸோட பேசிட்டிருக்கும்போது சும்மா எடுத்தது? அப்புறம் அதுலயே சொதப்பின படங்களை தனியா கவனிங்க, ஏன்னா நீங்க கேமரா வாங்க நினைக்கறதே அந்தப் படங்களாலதான். தூரத்துல இருந்ததை விரலால இழுத்துப் பெருசாக்கி எடுத்து குழகுழன்னு வந்தது நிறைய இருக்கா? ராத்திரி வீட்டு லைட்ல ஓடற குழந்தை கலங்கலா வந்திருக்கா? இல்ல வெளிச்சமெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா முகத்துக்குப் பின்னாடி போன் கத்தரிச்சு ஒட்டின மாதிரி பொய்யா ஒரு பிளர் போட்டு வச்சிருக்கறது புடிக்கலையா?

பிரச்சனை தூரம்தான்னா, அதாவது பறவை, விளையாட்டு, மேடை, அப்ப பாக்கெட் கேமரா பக்கம் போகவே வேண்டாம். 200 எம்எம் வரைக்கும் (இந்த நம்பர் பெருசானா தூரத்துல இருக்கறது கிட்ட தெரியும்) ஜூம் போற பாக்கெட் கேமரா இருக்கு, ஆனா பறவைக்கு அது பத்தவே பத்தாது. வீட்டுக்குள்ள ஓடற குழந்தைன்னாலும் பெரிய கேமராதான், அதுவும் அலமாரியில இருந்து எடுத்து அங்கயே எடுக்கப் போறீங்க, தூக்கிட்டு அலையப் போறதில்ல, அதனால எடையைப் பத்தி கவலையே வேண்டாம். தெரு, பயணம், வேலைக்குப் போற வழி, நண்பர்கள் கூட்டம் இதெல்லாம்தான் அதிகம்னா காம்பாக்ட். பெரிய கேமராவை ஆசையா வாங்கி முதல் மாசம் எல்லா இடத்துக்கும் தூக்கிட்டுப் போய், ரெண்டாவது மாசம் விசேஷத்துக்கு மட்டும் எடுத்து, அப்புறம் பேட்டரி செத்து பீரோவுக்குள்ள கிடக்கற கதை எக்கச்சக்கம். கேமரா மேல தப்பில்ல, ஆளும் கேமராவும் பொருந்தல, அவ்வளவுதான்.

ரெண்டாவது படி: எந்த கேமராக்களைப் பத்தி பேசறோம்னு தெரிஞ்சுக்கோங்க

பழைய ப்ரோ கேமரான்னு நான் சொல்றது 2005ல இருந்து 2012 வரைக்கும் வந்த ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் வகையறா, அதாவது பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சாரும், லென்ஸ் காட்டறதை அப்படியே கண்ணுக்குக் கொண்டு வர்ற கண்ணாடியும் உள்ள இருக்கற, லென்ஸ் மாத்தற கேமராக்கள். 2005ல வந்த கேனன் 5டி 12.8 மெகாபிக்சல். 2008ல வந்த 5டி மார்க் 2, 21.1 மெகாபிக்சல், ஃபுல் எச்டி வீடியோவும் எடுக்கும். நிகான்ல 2007ல வந்த டி3யோட அதே 12.1 மெகாபிக்சல் சென்சாரை 2008ல டி700ங்கற சின்ன பாடியில (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) போட்டாங்க, சின்னதுன்னா டி3யை விட சின்னது, அதுவே பாடி மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. டி3, கேனன் 1டி வரிசை எல்லாம் கீழ க்ரிப்பும் சேர்ந்தே வர்ற முழு முரட்டு கேமராக்கள், பாடி மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும், முதல் கேமராவா அதை வாங்காதீங்க, பாக்க கெத்தா இருக்கும், வீட்டை விட்டு வெளிய வராது.

காம்பாக்ட்னா சென்சார் ஒரு இன்ச் அல்லது அதுக்கு மேல இருக்கறதை மட்டும்தான் கணக்குல எடுத்துக்கறேன். 2012ல வந்த சோனி ஆர்எக்ஸ்100 தான் இந்த ரகத்தை பிரபலமாக்குச்சு, பேட்டரியோட சேர்த்து 240 கிராம். 2014ல கேனன் ஜி7 எக்ஸ், அதே வருஷம் இன்னும் பெரிய ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரோட பானாசோனிக் எல்எக்ஸ்100. 2013ல ரிகோ ஜிஆர், இது பாக்கெட்ல போற கேமராவுக்குள்ள சாதாரண டிஎஸ்எல்ஆர்ல இருக்கற ஏபிஎஸ்-சி சென்சாரையே (ஃபுல் ஃப்ரேமை விட சின்னது, ஒரு இன்ச்சை விட பெருசு) வச்சாங்க, ஆனா ஜூம் கிடையாது, 28 எம்எம் பார்வை மட்டும்தான், தள்ளி இருந்தா நடந்து கிட்ட போகணும்.

1/2.3 இன்ச் சென்சார்னு போட்டிருக்கற காம்பாக்ட்டை யாராவது சும்மா கொடுத்தா வாங்கிக்கோங்க, காசு கொடுத்து வாங்காதீங்க. அதை விட பெரிய சென்சார் இப்ப நிறைய போன்லயே இருக்கு. சிசிடிங்கற பழைய ரக சென்சார் இருக்கற காம்பாக்ட்ல கலர் தனி அழகுன்னு ஒரு மோகம் ஓடிட்டிருக்கு, விளையாட்டுக்கு வாங்கறதுன்னா தப்பில்ல, ஆனா அது என்ன மெமரி கார்டு கேக்குதுன்னு பாத்துட்டு வாங்குங்க. எக்ஸ்டி பிக்சர் கார்டு, பழைய மெமரி ஸ்டிக்னா கார்டு தேடியே நொந்து போயிடுவீங்க. 2006ல எஸ்டிஎச்சி வர்றதுக்கு முன்னாடி வந்த கேமரான்னா 2 ஜிபிக்கு மேல எஸ்டி கார்டை ஏத்துக்காது.

மூணாவது படி: சென்சார் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க

இங்கதான் நிறைய பேர் பாதிக் கணக்கோட நிறுத்திடறாங்க, அதனால கொஞ்சம் மெதுவா போவோம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், பரப்பளவு 864 சதுர மில்லிமீட்டர். ஒரு இன்ச் சென்சார்னு பேர்தான் ஒரு இன்ச், நிஜத்துல 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பளவு சுமார் 116. ஏழு மடங்குக்கு மேல வித்தியாசம். வெளிச்சம் ரெண்டு மடங்கானா ஒரு ஸ்டாப், அப்ப ஏழு மடங்குங்கறது கிட்டத்தட்ட மூணு ஸ்டாப். இதைப் பாத்துட்டு "அப்ப பெரிய கேமராதான்"னு முடிவு பண்ணிடறாங்க.

ஆனா சென்சாருக்கு வெளிச்சத்தைக் கொண்டு வர்றது லென்ஸ். ஆர்எக்ஸ்100ல ஜூம் பண்ணாத வைட் பக்கம் அப்பர்ச்சர், அதாவது லென்ஸோட திறப்பு, எஃப்1.8, இந்த நம்பர் சின்னதானா திறப்பு பெருசு. பழைய 5டியை வாங்கினவர் கையில காசில்லாம கூடவே கிடைச்ச எஃப்4 ஜூமை மாட்டிட்டு இருக்காருன்னு வைங்க. எஃப்1.8க்கும் எஃப்4க்கும் நடுவுல ரெண்டே கால் ஸ்டாப்புக்கு மேல போச்சு. மூணு ஸ்டாப் லாபத்துல மிச்சம் அரை ஸ்டாப்தான். அதுலயும் 5டியோட சென்சார் காம்பாக்ட் சென்சாரை விட ஏழு வருஷம் பழசு, அந்த அரை ஸ்டாப்பும் கண்ணுக்குத் தெரியுமாங்கறது சந்தேகம்தான். அதாவது கழுத்துல ஒன்றரை கிலோ தொங்கிட்டு 240 கிராம் கேமரா எடுக்கற படத்தையேதான் எடுக்கறீங்க.

அதே 5டில ஒரு 50 எம்எம் எஃப்1.8 லென்ஸை மாட்டுங்க. இப்ப அப்பர்ச்சர் சமம், மூணு ஸ்டாப் லாபம் முழுசா கைக்கு வருது. வீட்டுக்குள்ள ராத்திரி எடுக்கறப்ப மூணு ஸ்டாப்ங்கறது சாதாரணமில்ல, நாய்ஸ் (படத்துல வர்ற புள்ளிப்புள்ளி) ஒரே அளவுல இருக்க ஷட்டரை எட்டு மடங்கு வேகமா வைக்கலாம், கலங்கலா வந்த குழந்தை நின்ன மாதிரி வரும்.

பேக்ரவுண்ட் பிளருக்கும் இதே கதைதான். ஒரு இன்ச் சென்சார்ல அப்பர்ச்சர் நம்பரை 2.7ஆல பெருக்கினா ஃபுல் ஃப்ரேம்ல அது எப்படித் தெரியும்னு வந்துடும், 1.8 கிட்டத்தட்ட எஃப்5 மாதிரி தெரியும். ஜிஆர்ல எஃப்2.8, அதை 1.5ஆல பெருக்குங்க, எஃப்4.2. முகம் மட்டும் ஷார்ப்பா, பின்னாடி எல்லாம் கரைஞ்சு போன மாதிரி படம்தான் உங்க கனவுன்னா காம்பாக்ட் உங்களை ஏமாத்தும், விக்கறவங்க எஃப்1.8னு பெருசா போட்டிருந்தாலும் சரி.

காம்பாக்ட் ஜூமை நீட்டினா அப்பர்ச்சர் சுருங்கும்ங்கறதையும் மறக்காதீங்க. முதல் ஆர்எக்ஸ்100 100 எம்எம் போறப்ப எஃப்4.9க்கு இறங்கிடும். 2014ல வந்த மூணாவது மாடல் 24-70, எஃப்1.8-2.8, மேல தூக்கற குட்டி வ்யூஃபைண்டரும் உண்டு, என் கணக்குல அந்த வரிசையிலேயே புதுசா வர்றவங்களுக்கு ஏத்தது அதுதான்.

மெகாபிக்சல் பத்தி ஒரு வார்த்தை போதும். ஏ4 சைஸ்ல 300 டிபிஐ பிரிண்ட் போட 3508க்கு 2480 பிக்சல் வேணும், டி700 கொடுக்கறது 4256க்கு 2832. 12 மெகாபிக்சல்னு யாராவது கிண்டல் பண்ணா கண்டுக்காதீங்க, படத்தை ரொம்ப வெட்டற பழக்கம் இருந்தா மட்டும்தான் அது இடிக்கும்.

நாலாவது படி: ஸ்பெக் ஷீட்ல வராத விஷயங்கள்

பெரிய கேமராவோட நிஜமான சுகம் சென்சார்ல இல்ல, வ்யூஃபைண்டர்லயும் பட்டன்லயும் இருக்கு. ஆன் பண்ணின உடனே ரெடி, கண்ணை வச்சா பெரிய வெளிச்சமான காட்சி, கொளுத்தற வெயில்ல கூட தெளிவா தெரியும், பட்டனை அமுக்கின அந்த நொடியே படம். எல்லாத்துக்கும் தனித்தனி டயல், மெனுவுக்குள்ள போய்த் தேட வேண்டியதில்ல, அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கற அளவு) மூணும் ஒன்னை ஒன்னு எப்படி இழுக்குதுன்னு விரலே கத்துக்கும். கத்துக்கறதுதான் நோக்கம்னா இது பெரிய ப்ளஸ். பேட்டரியும் அப்படியே, டி700 ஒரு சார்ஜ்ல ஆயிரம் படம், முதல் ஆர்எக்ஸ்100 330, ஜிஆர் மூணாவது மாடல் 200ங்கற அளவுக்குத்தான் கம்பெனியே சொல்லுது.

கஷ்டங்களும் இருக்கு, அதைச் சொல்லாம விக்கறவங்கதான் அதிகம். முதல் 5டில லைவ் வ்யூ (ஸ்க்ரீனைப் பாத்து எடுக்கறது) கிடையாது, வீடியோ கிடையாது, பின்னாடி இருக்கற ஸ்க்ரீன் 2.5 இன்ச், அதுல பாத்து ஃபோகஸ் சரியா விழுந்துச்சான்னு சொல்லவே முடியாது. ஃபோகஸ் பாயின்ட் ஒன்பதுல நடுவுல இருக்கறதை மட்டும்தான் மங்கின வெளிச்சத்துல நம்பலாம். டி700ல ஸ்க்ரீனும் ஃபோகஸும் நல்லா இருக்கும், 51 பாயின்ட், ஆனா வீடியோ அதுலயும் இல்ல. வைஃபை எதுலயும் இல்ல. எடுத்த படத்தை உடனே அனுப்பணும்னா காம்பாக்ட் ஃப்ளாஷ்ங்கற பழைய ரக மெமரி கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டு, அதை போன்லயோ லேப்டாப்லயோ சொருகி, அப்புறம்தான். டிஎஸ்எல்ஆர்ல இன்னொரு தொல்லை, ஃபோகஸ் பாக்கற சென்சார் வேற, படம் எடுக்கற சென்சார் வேற, அதனால லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸ் கொஞ்சம் முன்னயோ பின்னயோ விழலாம். 5டி மார்க் 2, டி700 ரெண்டுலயும் மெனுவுல அதை சரி பண்ண வழி உண்டு, முதல் 5டில இல்ல.

காம்பாக்ட்ல இந்தத் தொல்லை கிடையாது, படம் எடுக்கற சென்சார்லயே ஃபோகஸ் பாக்குது. ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கறதால சத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, தூங்கற குழந்தை எழுந்துக்காது. அதே ஷட்டரால பகல் வெயில்ல ஆயிரத்துல ஒரு பங்கு நொடி ஸ்பீடுல கூட ஃப்ளாஷ் போட முடியும், பெரிய கேமராக்கள்ல சாதாரணமா 1/200, 1/250ல நின்னுடும். ஜி7 எக்ஸ், ஜிஆர் மாதிரி கேமராக்கள்ல வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் உள்ளயே இருக்கு. இதையெல்லாம் விட முக்கியம், குட்டி கேமராவைப் பாத்து யாரும் விறைச்சு நிக்க மாட்டாங்க. ஒரு கிலோ கேமராவைத் தூக்கினா பேசிட்டிருக்கறவங்க பேச்சை நிறுத்திட்டு சிரிக்க ஆரம்பிச்சுடுவாங்க, அதோட அந்தப் படம் போச்சு.

அஞ்சாவது படி: பாடி விலையைப் பாக்காதீங்க, மொத்த விலையைப் பாருங்க

கையில இருக்கற மொத்தப் பணத்தை எழுதுங்க. பெரிய கேமரான்னா அதுல பாதியை லென்ஸுக்கு ஒதுக்கிட்டு மீதியிலதான் பாடி தேடணும், பாதின்னா நிஜமாவே பாதி. ஆனை வாங்கிட்டு அங்குசத்துக்கு காசில்லாம நிக்கறது இந்த வேலையில ரொம்ப சகஜம். பாடி பழசாகிட்டே போகும், நல்ல லென்ஸ் பாடி மாறினாலும் கூட வரும். கேனன் இஎஃப் மவுண்ட் 1987ல வந்தது, அன்னைக்கு வாங்கின லென்ஸ் 5டில அப்படியே வேலை செய்யும், நாளைக்கு மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கினாலும் அடாப்டர் போட்டு ஓட்டலாம். நிகான்ல கொஞ்சம் கவனம் வேணும், டி700 பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் இருக்கு, அதனால ஏஎஃப்-டின்னு வர்ற பழைய மலிவான லென்ஸ் எல்லாம் அதுல ஆட்டோ ஃபோகஸ் ஆகும், ஆனா அதே லென்ஸை அப்புறமா நிகானோட சொந்த எஃப்டிஇசட் அடாப்டர்ல மிரர்லெஸ்ல மாட்டினா கையால சுத்தித்தான் ஃபோகஸ் பண்ணணும்.

புதுசா வர்றவங்க விழற பள்ளம் இன்னொன்னு இருக்கு. கிராப் சென்சாருக்குன்னு (ஏபிஎஸ்-சி மாதிரி சின்ன சென்சார்) செஞ்ச லென்ஸ் விலை கம்மியா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. கேனன் இஎஃப்-எஸ் லென்ஸ் 5டில மாட்டவே மாட்டாது. நிகான் டிஎக்ஸ் லென்ஸ் டி700ல மாட்டும், ஆனா சென்சாரோட நடுப்பகுதி மட்டும்தான் படமாகும், 12 மெகாபிக்சல் 5 மெகாபிக்சலா சுருங்கிடும், அதுக்கு எதுக்கு ஃபுல் ஃப்ரேம்?

முதல் லென்ஸ் 50 எம்எம் எஃப்1.8, யோசிக்க வேண்டியதே இல்ல, ரெண்டு கம்பெனியிலயும் மலிவு, கேனனோட 2015 எஸ்டிஎம் மாடல் 160 கிராம்தான். அறை சின்னதுன்னா 35 எம்எம் எஃப்2. 24-70 எஃப்2.8 எல்லாம் ஆசையா இருக்கும், தனியாவே 800 கிராம் பக்கமோ அதுக்கு மேலயோ வரும், ஒரு வருஷம் போகட்டும். லென்ஸ் போக காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ரெண்டு, ரீடர், எக்ஸ்ட்ரா பேட்டரி, பை. 5டி மார்க் 2வோட எல்பி-இ6 வரிசை பேட்டரி இன்னும் புது கேமராக்கள்லயும் ஓடறதால தைரியமா வாங்கலாம், டி700க்கான பேட்டரி பழைய ரகம், நல்லதா ஒன்னு கூடவே வருதான்னு கேட்டு வாங்குங்க.

காம்பாக்ட்டுக்கு இந்த லிஸ்ட் ரொம்ப சின்னது: ரெண்டு பேட்டரி, ஒரு எஸ்டி கார்டு, மணிக்கட்டுல மாட்டற ஸ்ட்ராப். மொத்தத்தையும் கூட்டிப் பாத்தா "அதே காசு"ன்னு நினைச்ச ரெண்டும் அதே காசு இல்லைன்னு தெரியும்.

ஆறாவது படி: வாங்கறதுக்கு முன்னாடி சோதிக்கறது

ரெண்டுமே பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான் வாங்கப் போறீங்க, அதனால இந்தப் படியை அவசரப்பட்டு தாண்டாதீங்க. கூட ஒரு கார்டு, டார்ச் (போன் டார்ச் போதும்), முடிஞ்சா லேப்டாப் எடுத்துட்டுப் போங்க.

பெரிய பாடின்னா முதல்ல ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்குங்கற கணக்கு. 5டிக்கு கம்பெனி சொன்ன ஆயுள் ஒரு லட்சம், 5டி மார்க் 2வுக்கும் டி700க்கும் ஒன்றரை லட்சம், டி3க்கு மூணு லட்சம். அந்த நம்பரைத் தாண்டின உடனே செத்துடும்னு இல்ல, பல கேமரா அதைத் தாண்டியும் ஓடும், ஆனா விலை பேச அது உதவும். நிகான்ல ஒரு ஜேபெக் எடுத்து எடிட் பண்ணாம எக்ஸிஃப் (ஃபைலுக்குள்ள பதியற தகவல்) பாத்தா அந்த நம்பர் அதுலயே இருக்கும். கேனன்ல பெரும்பாலான மாடல்ல ஃபைல்ல வராது, யூஎஸ்பில மாட்டி அதுக்குன்னு இருக்கற சாஃப்ட்வேர்ல பாக்கணும். படத்தோட நம்பர் சின்னதா இருக்கேன்னு நம்பாதீங்க, ஃபைல் நம்பர் 9999க்கு அப்புறம் திரும்ப ஒன்னுல ஆரம்பிக்கும், நம்ம கையாலயும் மாத்தலாம்.

அடுத்து லென்ஸைக் கழட்டிட்டு உள்ள பாருங்க. முதல் 5டில கண்ணாடியைப் பிடிச்சிருக்கற பசை விட்டுப்போய் கண்ணாடியே கழண்டு விழறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, கேனனே அதை ஒத்துக்கிட்டு சரி பண்ணிக் கொடுத்துச்சு, நீங்க வாங்கறது சரி பண்ணினதான்னு கேளுங்க. கார்டு போடற குழியில டார்ச் அடிச்சுப் பாருங்க, காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுக்கு உள்ள ஊசி மாதிரி பின்கள் வரிசையா இருக்கும், ஒன்னு வளைஞ்சிருந்தாலும் கேமரா கார்டைப் படிக்காது. டி700 மாதிரி நிகான்கள்ல பிடியில ஒட்டியிருக்கற ரப்பர் ஊதி உரிஞ்சு வரும், அது பெரிய கோளாறு இல்ல, ஆனா விலையைக் குறைக்க நல்ல சாக்கு. தேதியைச் சரி பண்ணிட்டு பேட்டரியைக் கழட்டி ஒரு நிமிஷம் வச்சு திரும்பப் போட்டுப் பாருங்க, தேதி அழிஞ்சிருந்தா உள்ள இருக்கற சின்ன பேட்டரி போயிருக்கு.

சென்சார் சோதனை எல்லா கேமராவுக்கும் ஒன்னுதான். அப்பர்ச்சரை எஃப்16 வச்சு (அவ்வளவு போகாத காம்பாக்ட்ல இருக்கறதுலயே பெரிய நம்பர், எஃப்11 மாதிரி), ஃபோகஸை வேணும்னே கலைச்சு, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்க, தூசி இருந்தா சாம்பல் புள்ளியா தெரியும். லென்ஸை மூடிட்டு நாலஞ்சு நொடி ஷட்டர் வச்சு ஒரு படம் எடுங்க, கெட்டுப்போன ஹாட் பிக்சல் இருந்தா கலர் கலரா மின்னும். டிஎஸ்எல்ஆர்ல தூசி பெரிய விஷயமில்ல, லென்ஸைக் கழட்டி சுத்தம் பண்ணிடலாம். காம்பாக்ட்ல அப்படி இல்ல, ஜூம் நீண்டு சுருங்கறப்ப காத்தோட தூசியையும் உள்ள இழுக்கும், அது சென்சார் மேல உக்காந்துட்டா கேமராவையே பிரிச்சாத்தான் போகும். ஜிஆர் மாதிரி ஜூம் இல்லாததுல கூட லென்ஸ் நீளத்தான் செய்யுது, தூசி அதுலயும் அடிக்கடி கேள்விப்படற புகார். அதனால பெரிய கேமராவுல தூசி இருந்தா பேரம் பேசுங்க, காம்பாக்ட்ல தூசி இருந்தா எழுந்து வந்துடுங்க.

லென்ஸ் சோதிக்க டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க. நூல் நூலா, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது ஃபங்கஸ், எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம். ஒன்னு ரெண்டு தூசி, மேல சின்ன கீறல் எல்லாம் படத்துல தெரியாது. அப்பர்ச்சர் பிளேடுல எண்ணெய் மினுமினுப்பு இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு செங்கல் சுவரை நேரா நின்னு எடுத்து நாலு மூலையையும் பெருசாக்கிப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் மங்கலா இருந்தா அது எப்பவோ கீழ விழுந்த லென்ஸ். இந்த செங்கல் சோதனையை காம்பாக்ட்டுக்கு கட்டாயம் பண்ணுங்க, அதுல லென்ஸை மாத்த வழியே இல்ல. காம்பாக்ட்டை பத்து தடவையாவது ஆன் ஆஃப் பண்ணுங்க, லென்ஸ் வெளிய வர்றப்ப கரகரன்னு சத்தமோ தயக்கமோ இருந்தா அதோட மோட்டார் போகப்போகுதுன்னு அர்த்தம், ரிப்பேர் செலவு இன்னொரு கேமரா விலையில முடியலாம்.

பெட்டி, பில், சீரியல் நம்பர் மூணும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. கொடுக்க யோசிக்கறவங்ககிட்ட வாங்காதீங்க.

ஏழாவது படி: முதல் ரெண்டு வாரத்துக்கு செட்டிங்

எதை வாங்கினாலும் ரா (சென்சார் கொடுத்த மூல ஃபைல்) பிளஸ் ஜேபெக், அப்பர்ச்சர் ப்ரயாரிட்டி மோட் (அப்பர்ச்சரை நீங்க வைப்பீங்க, ஷட்டரை கேமரா வைக்கும்), ஃபோகஸ் பாயின்ட் ஒன்னே ஒன்னு. மேனுவல் மோட்ல எடுத்தாத்தான் போட்டோகிராஃபர்னு சொல்றவங்களை இப்போதைக்கு தள்ளி வைங்க.

டி700ல ஆட்டோ ஐஎஸ்ஓ ஆன் பண்ணி, குறைஞ்சபட்ச ஷட்டர் 1/125, அதிகபட்ச ஐஎஸ்ஓ 6400னு வச்சுட்டு மறந்துடலாம். 5டி மார்க் 2ல ஆட்டோ ஐஎஸ்ஓ இருக்கு, ஷட்டருக்கு இப்படி வரம்பு வைக்க முடியாது. முதல் 5டில ஃபுல் ஆட்டோவைத் தவிர வேற மோட்ல ஆட்டோ ஐஎஸ்ஓவே கிடையாது, இடம் மாறும்போதெல்லாம் நீங்கதான் மாத்தணும், வெளிய 200, வீட்டுக்குள்ள 800, ராத்திரி 1600னு ஒரு வழக்கம் வச்சுக்கோங்க. 50 எம்எம் லென்ஸை எஃப்1.8ல திறந்தே வச்சு எடுக்கறது முதல் நாள் ஜாலியா இருக்கும், ஒரு கண்ணு ஷார்ப், இன்னொரு கண்ணு கலங்கல்னு வர்றப்ப எஃப்2.8க்கு வந்துடுங்க.

காம்பாக்ட்ல முதல் வேலை டிஜிட்டல் ஜூமை ஆஃப் பண்றது. அடுத்து பீப் சத்தம், ஃபோகஸ் லைட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. லென்ஸைச் சுத்தி இருக்கற வளையத்துக்கு, படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாவோ இருட்டாவோ ஆக்கற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கொடுத்துட்டா மெனு பக்கமே போக வேண்டியிருக்காது. ஜிஆர் வாங்கினவங்க ஸ்னாப் ஃபோகஸை (முன்னாடியே குறிச்சு வைக்கற ஃபோகஸ் தூரம்) ரெண்டு மீட்டர்ல வச்சு அப்பர்ச்சரை எஃப்5.6, எஃப்8 பக்கம் கொண்டு போங்க, ஃபோகஸ் தேடற நேரமே இல்லாம பட்டனை ஒரே அமுக்கா அமுக்கினா படம், தெருவுல இதுக்கு ஈடு கிடையாது. பாக்கெட்ல போடறப்ப சாவி, சில்லறையோட போடாதீங்க, பாக்கெட் ஓரத்துல சேர்ற பஞ்சும் தூளும்தான் லென்ஸுக்குள்ள போற தூசி, அதனால மெல்லிசா ஒரு துணி உறை போட்டு வைங்க.

பாடியும் எடை, காம்பாக்ட்டும் பத்தலைன்னு ரெண்டுக்கும் நடுவுல நிக்கறவங்க பழைய ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் ஒன்னையும் அதோட தட்டையான பேன்கேக் லென்ஸ் ஒன்னையும் பாக்கலாம், பேன்ட் பாக்கெட்ல போகாது, ஜாக்கெட் பாக்கெட்ல போகும், லென்ஸும் மாத்திக்கலாம். விக்கற கடை ஏழு நாளோ பத்து நாளோ ரிட்டர்ன் கொடுத்தா அந்த நாட்களை வீணாக்காதீங்க, முதல் படியில கேலரியில பாத்தீங்களே, சொதப்பின படங்கள், அதே இடம் அதே வெளிச்சத்துல புது கேமராவை வச்சு எடுத்துப் பாருங்க, அதுல வித்தியாசம் தெரியலைன்னா பில்லோட திருப்பிக் கொடுத்துடுங்க.